வழிநூலை நகல் என்பவர்களுக்கு

மூன்று வாரங்களுக்கு முன் என் ஆய்வேட்டின் நான்காம் இயலை ஆய்வுக் குழுவின் முன் வைத்தேன். 1998இல் வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப்’ என்னும் அறிவியல் புனைவு வீடியோ கேமை ரசிகர்கள் சிலர் ‘பிளாக் மெசா’ என்ற பெயரில் மறுஆக்கம் செய்தார்கள். அந்த மறுஆக்கத்தில் உரையாடலும் கதைவெளியும் எவ்வாறு விரிந்திருக்கின்றன என்பதே அவ்வியலின் பொருள். இருபது நிமிடம் பேசத் தயாராகச் சென்றிருந்தேன். ஆறாவது நிமிடத்தில் ஒரு கேள்வி குறுக்கிட்டது: “மூலத்தை ஆராய்வதைப் புரிந்துகொள்கிறேன். நகலை எதற்காக ஆராய வேண்டும்?” அறையில் இருந்த எவரும் அக்கேள்வியை மறுக்கவில்லை. நான்காம் இயலைப் பின்னிணைப்பாகச் சுருக்குமாறு குறிப்பு எழுதப்பட்டது.

கேட்டவர் நல்ல ஆய்வாளர். அவர்மீது எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அக்கேள்வி அவர் ஒருவருடையது என்று நான் நினைக்கவில்லை. மொழிபெயர்ப்பை ஆராய்பவரிடமும், உரைகளை ஆராய்பவரிடமும், ஒரு நாட்டார் கதையின் பிற்கால வடிவத்தை ஆராய்பவரிடமும் நம் துறைகள் ஏதேனும் ஒரு கட்டத்தில் இதையே கேட்டிருக்கின்றன. அந்த அறையில் நான் சொல்ல முடியாமற்போன விடையை இங்கே எழுதுகிறேன். வீடியோ கேம்களில் ஆர்வமில்லாத நண்பர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். இங்கே வழக்கில் இருப்பது, எதை அறிவு என்று நாம் ஒப்புக்கொள்கிறோம் என்பதே.

முதலில், இரண்டு படைப்புகளையும் அறியாதவர்களுக்காகச் சில செய்திகள்.

‘ஹாஃப்-லைஃப்’ வால்வ் நிறுவனத்தின் முதல் படைப்பு. கதைமாந்தரின் கண்வழியே உலகைக் கண்டு, சுட்டு, முன்னேறும் வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைநிலத்துக்கு அடியில் இயங்குவதாகக் கற்பிக்கப்பட்ட பிளாக் மெசா ஆய்வுக்கூடம்தான் களம். நாயகன் கோர்டன் ஃப்ரீமேன், வயது 27, எம்.ஐ.டி.யில் கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அத்தனை படித்தவருக்கு அன்று காலை இடப்படும் பணி, ஒரு படிகத்தை ஏற்றிய தள்ளுவண்டியை இயந்திரத்துக்குள் தள்ளிவிடுவது. ஆய்வு மாணவர்களாகிய நமக்கு இதில் வியப்பேதும் இருக்காது. தள்ளியதும் விபத்து நேர்கிறது. வேற்றுலக உயிரினங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் வந்து விழுகின்றன. நடந்ததை மறைக்க வரும் இராணுவம் விஞ்ஞானிகளையே சுட்டுக் கொல்கிறது. கதை சொல்வதற்காக ஆட்டத்தை இடையிடையே நிறுத்தித் திரைப்படத் துண்டுகளைக் காட்டாமல், எல்லாவற்றையும் விளையாடுபவரின் கண்ணெதிரே நிகழவிட்டது அன்று பெரும் புதுமையாக இருந்தது. ஃப்ரீமேன் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு சொல்லும் பேசுவதில்லை.

2004இல் வால்வ் ‘சோர்ஸ்’ என்னும் புதிய என்ஜினை வெளியிட்டது. ஒரு விளையாட்டின் ஒளி, ஒலி, அசைவு அனைத்தையும் இயக்கும் அடிப்படை மென்பொருளையே என்ஜின் என்கிறார்கள். அதே ஆண்டில் பழைய விளையாட்டையும் அந்த என்ஜினுக்கு மாற்றி ‘ஹாஃப்-லைஃப்: சோர்ஸ்’ என்று நிறுவனமே வெளியிட்டது. நீர்ப்பரப்பு அழகாக மின்னியது. முகங்களும் சுவர்களும் 1998இல் இருந்தபடியே இருந்தன. அந்த ஏமாற்றத்திலிருந்து ‘பிளாக் மெசா’ பிறந்தது. இணையத்தில் ஒன்றுகூடிய ரசிகர்கள், ஊதியமின்றி, தங்கள் ஓய்வு நேரத்தில், முழு விளையாட்டையும் அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். 2012 செப்டம்பரில் அதன் பெரும்பகுதி இலவசமாக வெளிவந்தது. ‘ஸென்’ என்னும் வேற்றுலகில் நிகழும் இறுதி அத்தியாயங்கள் மட்டும் அதில் இல்லை. அவையும் சேர்ந்து முழுப் படைப்பு வெளிவந்தது 2020 மார்ச்சில். தொடங்கியதிலிருந்து முடிக்க ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள்.

இதைத்தான் நகல் என்று ஒரு சொல்லால் கடந்து போனார்கள்.

நகலெடுக்கும் இயந்திரம் எதையும் தேர்வதில்லை. தன்முன் வைக்கப்பட்ட தாளில் எந்த வரி முக்கியம், எந்த வரி பிழை என்று அதற்குத் தெரியாது. ‘பிளாக் மெசா’வின் ஒவ்வோர் அறையிலும் யாரோ ஒருவர் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்: எதைக் காப்பது, எதைக் குறைப்பது, எதை வளர்ப்பது. இந்த வேறுபாட்டைக் குறிக்கும் சொற்களைத் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுக்கிறது. வழிநூல் முதல்நூலின் முடிவோடு ஒத்துச் செல்ல வேண்டும் என்பதையும், பின்வந்தவர் தமக்கு வேண்டும் வேறுபாடுகளைச் சொல்ல அதில் இடமுண்டு என்பதையும் நன்னூல் சேர்த்துச் சொல்கிறது. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுபவர் இந்தப் பகுப்புக்குள் வருவதே இல்லை.

பழைய இலக்கணப் போர்வையை ஓர் அமெரிக்க விளையாட்டின்மேல் வலிந்து போர்த்துகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்குகிறேன். ‘ஹாஃப்-லைஃப்: சோர்ஸ்’ சொல்லுக்குச் சொல் பெயர்த்த மொழிபெயர்ப்பு. இலக்கு மொழியில் என்னென்ன சொல்ல முடியும் என்று அது கேட்கவே இல்லை. ‘பிளாக் மெசா’ கேட்டது. பழைய என்ஜினில் ஒரு மேசை என்பது ஒரு பெட்டி, அதன்மேல் ஒட்டிய ஒரு படம். அந்தப் படத்தில் மங்கலாகத் தெரிந்த காகிதங்களும் கோப்பைகளும் மறுஆக்கத்தில் கையால் எடுத்து எறியக்கூடிய பொருள்களாயின. மங்கலான படத்தைப் பொருளாக்க வேண்டுமென்றால், அது எதன் படம் என்று முதலில் முடிவுசெய்தாக வேண்டும். சிதைந்த ஏட்டில் ஓர் எழுத்தை ஊகித்துப் படிக்கும் பதிப்பாசிரியர் செய்வதும் இதையே. அவரை நாம் நகலெடுப்பவர் என்று அழைப்பதில்லை.

அடுத்தது விரித்தல். என் இயலின் மையமும் இதுவே. மொழியியல் படித்தவர் என்ற முறையில் பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். 1998இன் விளையாட்டில் விஞ்ஞானிகளுக்கு நான்கே தலைகள். அந்த நான்கு முகங்களும் ஆய்வுக்கூடம் எங்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. பொதுவான உரையாடல்களுக்கு ஒரே குரல் பதிவு. முகத்துக்கு ஏற்பச் சுருதி மட்டும் சற்றே கூட்டியும் குறைத்தும் ஒலிக்கும். ஆகவே எந்த விஞ்ஞானியும் எந்த வாக்கியத்தையும் சொல்லலாம். மொழியியல் நோக்கில் அவை பேசுபவர் இல்லாத வாக்கியங்கள். வாக்கியம் இருக்கிறது, கூற்று இல்லை. அன்றைய நினைவகத்தின் எல்லை அவ்வளவே. இதைக் குறையாக நான் சொல்லவில்லை.

மறுஆக்கத்தில் முகங்கள் பெருகின, குரல்கள் பெருகின. அதைவிட முக்கியமானது, வாக்கியங்கள் மனிதர்களோடு பிணைக்கப்பட்டன. காயமுற்றவர் பேசுவதும், அவர் அருகில் அமர்ந்திருப்பவர் பேசுவதும் வேறுவேறு. ஒருவர் சொல்லி முடிக்குமுன் மற்றவர் குறுக்கிடுகிறார். இராணுவம் தங்களைக் காக்க வந்திருக்கிறது என்று நம்பி ஓடும் விஞ்ஞானி சுடப்படும் காட்சி இரண்டு படைப்புகளிலும் உண்டு. மூலத்தில் அது கதைத் திருப்பம். மறுஆக்கத்தில் அவர் ஒரு தனி மனிதர் என்று நம்புவதற்குப் போதிய அளவு நாம் ஏற்கெனவே அங்குள்ளவர்களின் பேச்சைக் கேட்டுவிட்டோம். அதனால் அந்தச் சாவு உறுத்துகிறது. கதையில் ஒரு நிகழ்ச்சியும் கூடவில்லை. அதன் பொருள் கூடியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூலத்தின் ஆய்வுக்கூடத்தில் பெண் விஞ்ஞானி ஒருவரும் இல்லை. பயிற்சிக் கூடத்தில் வழிகாட்டும் ஒளியுருவம் பெண். இருளிலிருந்து பாய்ந்து கொல்ல வரும், வாய் திறவாத கொலையாளிகள் பெண்கள். அவ்வளவுதான். ‘பிளாக் மெசா’ பெண்களையும் ஆய்வாளர்களாக அந்தக் கூடத்தில் நிறுத்தியது. எந்த அறிக்கையும் விடாமல், கதையின் ஒரு முடிச்சையும் மாற்றாமல், “இவர்கள் அன்று எங்கே இருந்தார்கள்?” என்று மூலத்திடம் கேட்ட கேள்வி இது. இதே கேள்வியை ஒரு கட்டுரையில் எழுதியிருந்தால் பெண்ணிய வாசிப்பு என்று நம் இதழ்கள் ஏற்றுக்கொண்டிருக்கும்.

விரித்தலின் அடுத்த முறை, பின்வந்த நூலின் வெளிச்சத்தில் முன்வந்ததைப் படிப்பது. ‘ஹாஃப்-லைஃப் 2’ 2004இல் வந்தது. ஈலை வான்ஸ், ஐசக் க்ளைனர் ஆகியோர் பிளாக் மெசாவில் ஃப்ரீமேனோடு பணிபுரிந்தவர்கள் என்று அது சொல்லியது. ஆனால் முதல் விளையாட்டில் அவர்களுக்கென்று தனி முகம் இல்லை. மறுஆக்கத்தின் தொடக்க அத்தியாயங்களில் அவர்கள் அடையாளம் காணும்படி நிற்கிறார்கள். மூலத்தின் ஓய்வறையில் ஒரு மைக்ரோவேவ் அடுப்பு இருக்கும். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் உள்ளிருக்கும் யாருடைய உணவோ வெடித்துச் சிதறும். 2007இல் வந்த தொடர்ச்சியில் மேக்னசன் என்னும் கடுகடுப்பான விஞ்ஞானி, அந்த உணவு தன்னுடையது என்பதை ஃப்ரீமேனுக்கு நினைவூட்டுவார். மறுஆக்கத்தின் ஓய்வறையில் மேக்னசனே இருக்கிறார். சிரிப்பை வரவழைக்கும் இடம்தான். ஆயினும் செய்முறையைக் கவனியுங்கள். பின்னால் வரும் இடத்தைக் காட்டி முன்னால் உள்ள சொல்லுக்குப் பொருள் காண்பது உரையாசிரியர்கள் நமக்குக் கற்பித்த வழக்கம்.

இந்த முறை தன் முழு வலிமையைக் காட்டுவது ஸென் பகுதியில்.

மூலத்தின் ஸென் அத்தியாயங்களே அதன் பலவீனமான பகுதி என்று ரசிகர்களும் விமர்சகர்களும் நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். ஈர்ப்பு குறைந்த வெளியில் மிதக்கும் பாறைகள். பாறைக்குப் பாறை தாவல். பிறகு பெரும் எதிரிகள். பழகியவர் விரைவில் முடித்துவிடலாம். ‘பிளாக் மெசா’வில் அது பல மணி நேரம் நீளும் ஓர் உலகம். எதை வைத்து விரித்தார்கள்? இரண்டு சான்றுகள் தருகிறேன்.

முதலாவது, பிணங்கள். மூலத்தின் ஸென் வெளியில் ஆங்காங்கே, ஃப்ரீமேன் அணிந்திருப்பதைப் போன்ற காப்புடையில் சில மனித உடல்கள் கிடக்கும். குண்டுகளும் மருந்தும் எடுத்துக்கொண்டு நாம் நகர்ந்துவிடுவோம். யார் இவர்கள்? விபத்துக்கு முன்பே இந்த ஆய்வுக்கூடம் ஸென் உலகுக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தது என்பதற்கான தடயம் அவர்கள். மறுஆக்கம் அந்தத் தடயத்தை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு முகாமையே எழுப்பியது. கூடாரங்கள், கருவிகள், சேகரித்த மாதிரிகள், கைவிடப்பட்ட குறிப்புகள், திரும்பிப் போக முடியாமல் இறந்தவர்கள். கதையின் குற்றவாளி யார் என்ற கேள்வி இங்கே இடம் மாறுகிறது. வேற்றுலகம் நம்மேல் படையெடுத்தது என்று எண்ணி வந்தவர், நாம்தான் முதலில் அங்கே போனோம் என்பதைக் கண்ணால் காண்கிறார். மூலம் குறிப்பாகச் சொன்னதை வழிநூல் வெளிப்படையாக்கியது.

இரண்டாவது, கழுத்துப் பட்டை. வோர்ட்டிகாண்ட் என்னும் உயிரினங்களை மூலத்தில் தொடக்கம் முதலே சுட்டுக் கொன்றுகொண்டே வருகிறோம். அவற்றின் கழுத்திலும் கைகளிலும் பச்சை நிறப் பட்டைகள் உண்டு. விளையாட்டின் நிரலில் அவ்வுயிரினத்துக்கு இடப்பட்ட பெயரே ‘ஏலியன் ஸ்லேவ்’, வேற்றுலக அடிமை. இறுதியில் ஒரு தொழிற்கூடத்தில் சில வோர்ட்டிகாண்ட்கள் நாம் தாக்கினால் ஒழிய நம்மைத் தாக்குவதில்லை. அவர்களை அடிமைகளாகவும், பின்னர் மனிதர்களின் தோழர்களாகவும் இரண்டாம் விளையாட்டு விளக்கமாகக் காட்டியது. மறுஆக்கம் இந்த மூன்று செய்திகளையும் கோத்து ஒரு குடியிருப்பைக் கட்டியது. அங்கே அவர்கள் வாழ்கிறார்கள். நம்மைக் கண்டு ஒதுங்குகிறார்கள். அவர்களை ஆட்டுவிக்கும் உயிரினங்கள் வானில் மிதந்து வந்ததும், தம் விருப்பமின்றி நம்மீது பாய்கிறார்கள். ஆட்டுவிப்பவனை வீழ்த்தினால் தாக்குதல் நின்றுவிடுகிறது. அதுவரை பத்து மணி நேரமாக எத்தனை பேரைச் சுட்டோம் என்ற கணக்கு அந்த இடத்தில் மனத்தில் ஓடத் தொடங்கும். கழுத்துப் பட்டை இருந்தது, பெயரில் அடிமை என்ற சொல் இருந்தது, நாம் படிக்கவில்லை. படித்தவர்கள் யாரென்றால், ஊதியமின்றி உழைத்த சில ரசிகர்கள்.

இதுவும் வாசிப்பு இல்லையென்றால், நம் துறைகளில் நாம் வாசிப்பு என்று எதைச் சொல்கிறோம்?

ஆனால் விரித்தால் போதும், உயர்ந்துவிடும் என்று நான் வாதிடவில்லை. அப்படி வாதிடும் ரசிகர்கள் உண்டு. இந்தப் பதிவு அவர்களுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது. ‘இன்டர்லோப்பர்’ அத்தியாயத்தின் தொழிற்கூடம் மறுஆக்கத்தில் அளவுக்கு மீறி நீள்கிறது. நகரும் பட்டைகள், மேலே ஏறுதல், இணைப்பைப் பிடுங்கி இன்னோர் இடத்தில் செருகுதல், மீண்டும் நகரும் பட்டைகள். ஒரு முறை சொன்ன கருத்தை அது மூன்று முறை சொல்கிறது. மூலத்தின் ஸென், அதன் குறைகளோடும், புரியாத இடத்தில் சிக்கிய அச்சத்தைத் தந்தது. மறுஆக்கத்தின் ஸென் பல இடங்களில் அழகிய சுற்றுலாத் தலமாகிவிடுகிறது. எல்லாவற்றையும் விளக்கிவிட்ட உரை, பாட்டின் இருளையும் சேர்த்து அழித்துவிடும் ஆபத்து நமக்குத் தெரிந்ததே. இந்தக் குறைகளை என் இயலில் ஆறு பக்கங்களில் எழுதியிருக்கிறேன். நகலில் இப்படிப்பட்ட குறை காண முடியாது. மங்கலாக விழுந்திருக்கிறது என்று மட்டுமே சொல்லலாம். குறையென்று வாதிட முடிகிற இடத்தில் ஓர் ஆசிரியர் இருக்கிறார்.

தொகுத்தலுக்கு வருகிறேன். ‘ஆன் எ ரெயில்’ என்னும் தண்டவாள அத்தியாயம் மூலத்தில் சுற்றிச் சுற்றி வரும். பலருக்கு அது சலிப்பூட்டியது. மறுஆக்கத்தினர் அதைக் கணிசமாகக் குறைத்தனர். ‘சர்ஃபேஸ் டென்ஷன்’ என்னும் மற்றோர் அத்தியாயத்திலும் சில பகுதிகளை 2012 வெளியீட்டில் நீக்கியிருந்தனர். அப்போது நடந்ததுதான் சுவையானது. மறுஆக்கத்தின் ரசிகர் ஒருவர், நீக்கப்பட்ட பகுதிகளை மறுஆக்கத்தின் நடையிலேயே தாமாகக் கட்டி வெளியிட்டார். குழு அதைப் பிழை என்று ஒதுக்கவில்லை. தன் படைப்புக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. வழிநூலுக்கு ஒரு வழிநூல் தோன்றி, அது மீண்டும் வழிநூலுக்குள் கலந்த கதை இது. ஓரிடத்தில் தொகுத்தும் ஓரிடத்தில் விரித்தும் செல்வதைத் தொகைவிரி என்கிறோம். ‘பிளாக் மெசா’ முழுமையாகப் பார்த்தால் அந்த வகைதான்.

இனி மூலம் என்ற சொல்லுக்கே வருகிறேன். நகல் என்ற இழிவு அதன் நிழலில்தான் நிற்கிறது. ‘ஹாஃப்-லைஃப்’ எங்கிருந்து வந்தது? அதன் என்ஜின், மற்றொரு நிறுவனத்தின் ‘குவேக்’ என்ஜினை உரிமம் பெற்று மாற்றியமைத்தது. ஆய்வின் விபத்தால் வேற்றுலகம் நம் உலகில் திறந்துகொள்ளும் கருவுக்கு ஸ்டீபன் கிங்கின் ‘தி மிஸ்ட்’ குறுநாவலுக்குக் கடன்பட்டது. உருவாக்கத்தின்போது அதற்கு இருந்த புனைபெயர்கூட அந்நாவலில் வரும் இராணுவத் தளத்தின் பெயரை ஒட்டியே வைக்கப்பட்டது. 1997இல் ஏறத்தாழ முடிந்திருந்த வடிவத்தைப் போதாது என்று ஒதுக்கிவிட்டு, வால்வ் அதைத் திரும்பக் கட்டியது. அந்த நிறுவனமே தன் படைப்பின் முதல் மறுஆக்கத்தைச் செய்திருக்கிறது. 2023 நவம்பரில், 25ஆம் ஆண்டு நிறைவையொட்டி மூலத்தையும் புதுப்பித்து வெளியிட்டது. ‘ஹாஃப்-லைஃப்: சோர்ஸ்’ வடிவத்தை ஸ்டீம் கடையில் இனி முன்னிறுத்தப்போவதில்லை என்றும் அப்போது அறிவித்தது. நிறுவனத்தின் மொழிபெயர்ப்பு ஓரம் போயிற்று. ரசிகர்களின் வழிநூல் அதே கடையில் விற்பனையில் இருக்கிறது.

தொல்காப்பியம் முதல்நூலைச் செய்பவனுக்குச் சொல்லும் தகுதியை நினைத்துப் பாருங்கள். வினையின் பிடியிலிருந்து நீங்கி, அறிவு முழுதும் விளங்கப்பெற்ற முனைவன் செய்வதே முதல்நூல். அந்த முனைவன் வேறு. நாம் ஆக விரும்பும் முனைவர் வேறு. நம்மில் வினை நீங்கியவர் எவரும் இல்லை. உதவித்தொகை எப்போது வரும் என்ற கவலை நீங்கியவர்கூட இல்லை. அந்த இலக்கணத்தின்படி நாம் எழுதுவதனைத்தும் வழிநூல். ஒவ்வோர் ஆய்வேட்டின் இரண்டாம் இயலும் முன்னோர் ஆய்வுகளைத் தொகுக்கிறது. மூன்றாம் இயல் விரிக்கிறது. வழிநூலை எழுதித்தான் பட்டம் பெறுகிறோம். பிறர் எழுதிய வழிநூலைக் கண்டால் நகல் என்கிறோம்.

“பின்னர் காசுக்கு விற்றார்களே” என்று ஒருவர் வெளியே தேநீர்க்கடையில் கேட்டார். ஆம். 2015 மே மாதம் முதல், வால்வ் நிறுவனத்தின் இசைவோடு, ஸ்டீம் தளத்தில் விலைக்கு விற்றார்கள். அதற்கு முன் எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக இலவசமாக உழைத்தார்கள்; இலவசமாக வெளியிட்டார்கள். ஸென் பகுதியை முடிக்க இன்னும் ஐந்தாண்டுகள் ஆயின. அந்த ஐந்தாண்டுகளுக்கு வாடகையும் உணவும் தேவை. ஊதியம் பெறாதவரை பொழுதுபோக்கு என்று இகழ்வது, ஊதியம் பெற்றதும் வணிகம் என்று இகழ்வது; இரண்டில் எதைச் செய்தாலும் உழைப்பு கண்ணில் படாமல் போகிறது. தற்காலிக விரிவுரையாளர்களாக வகுப்பெடுக்கும் நண்பர்களுக்கு இந்த நியாயத்தின் சுவை தெரியும்.

எனக்கு உண்மையில் அச்சமூட்டுவது வேறொன்று. ‘பிளாக் மெசா’ பிழைத்தது நிறுவனத்தின் தயவால். ரசிகர்கள் தன் விளையாட்டை மாற்றியமைப்பதற்கான கருவிகளை வால்வ் தானே தந்தது. ‘கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்’ 1999இல் ‘ஹாஃப்-லைஃப்’ ரசிகர்களின் மாற்றமைப்பாகப் பிறந்ததுதான். அதை நிறுவனம் பின்னர் தனதாக்கிக்கொண்டு பெரும் பயன் பெற்றது. மறுஆக்கக் குழு முதலில் தன் படைப்பின் பெயரில் வைத்திருந்த ‘சோர்ஸ்’ என்ற சொல்லை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு, மற்றபடி விட்டுவிட்டது. எல்லோரும் அப்படி விடுவதில்லை. 1991இல் வந்த ‘மெட்ராய்டு 2’ என்னும் விளையாட்டைப் பல்லாண்டு உழைப்பில் ஒரு ரசிகர் மறுஆக்கம் செய்து 2016 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார். சில நாள்களுக்குள் நின்டெண்டோவின் பதிப்புரிமை அறிவிக்கைகளால் அது பதிவிறக்கத் தளங்களிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நிறுவனமே தன் மறுஆக்கத்தை வெளியிட்டது. நிறுவனத்தின் செயல் சட்டப்படி சரியானது. சட்டப்படி சரியாக இருந்ததுதான் இங்கே துயரம்.

நம் நாட்டிலும் நிலைமை வேறாக இருக்காது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள் வைக்கிறது. தழுவும் உரிமையை உரிமையாளருக்குத் தருகிறது. பிரிவு 52 தனிப்பட்ட பயன்பாடு, ஆராய்ச்சி, திறனாய்வு, மதிப்புரை முதலியவற்றுக்கு நியாயமான அளவில் இடம் தருகிறது. ஒரு படைப்பைப் பற்றி எழுதுவது திறனாய்வு. அந்தப் படைப்பையே திரும்பக் கட்டி, கட்டும் போக்கில் அதன் குறையையும் நிறையையும் காட்டுவது திறனாய்வா? இந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் எழுப்ப வேண்டிய நாள் வரும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நம் பக்கம் கை நீட்டி, “பல்கலைக்கழகங்களே இதை நகல் என்றுதான் சொல்கின்றன” என்பார். ஆய்வுக் குழு அறையில் போகிறபோக்கில் சொல்லப்படும் ஒரு சொல்லுக்கு இத்தனை நீளமான கை இருக்கிறது. அதனால்தான் பின்னிணைப்பாகச் சுருக்கச் சொன்ன குறிப்பை என்னால் சிறிய திருத்தமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ரசிக நண்பர்களுக்கு ஒரு சொல். ‘பிளாக் மெசா’ இருக்கும்போது 1998இன் விளையாட்டு எதற்கு என்று நீங்கள் எழுதுவதைப் படிக்கிறேன். அது உங்கள் அன்புக்குரிய படைப்பையே சிறுமைப்படுத்துகிறது. அந்த ஆய்வு முகாம் எந்தப் பிணத்திலிருந்து எழுந்தது, அந்தக் குடியிருப்பு எந்தக் கழுத்துப் பட்டையிலிருந்து வளர்ந்தது என்பது மூலத்தைக் கையில் வைத்திருப்பவருக்கே தெரியும். இரண்டையும் அருகருகே வைத்து விளையாடுங்கள். வழிநூல் முதல்நூலைத் தின்றுவிட்டால் அதன் தகுதியை அளக்கும் கோலும் சேர்ந்தே தொலையும்.

ஆசிரியர்களிடமும் சக ஆய்வாளர்களிடமும் என் வேண்டுகோள் மூன்று. ரசிகர் படைப்பு ஒன்றை ஒரு மாணவர் கொண்டுவந்தால், அது நகலா என்று கேட்பதற்கு முன் அது எங்கெங்கே முடிவெடுத்திருக்கிறது என்று கேளுங்கள். ஊதியமற்ற உழைப்பில் பிறந்த படைப்புகளின் பங்களிப்போர் பட்டியலைச் சான்றாதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள். தழுவல் உரிமை பற்றிய விவாதங்களில் சட்டத் துறையினரைத் தனியே விட்டுவிடாமல் மொழி, இலக்கியத் துறைகளும் அமருங்கள். மூலம், வழி, உரை, பாடபேதம் என்று நூற்றாண்டுகளாகப் பேசிவந்தவர்கள் நாம்.

என் பொருட்டு ஒன்று. நான்காம் இயலைச் சுருக்க இயலாது என்று காரணங்களுடன் குழுவுக்கு எழுதிவிட்டேன். தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறேன். முன்பு ‘ஒரு மறுஆக்கத்தில் உரையாடல்’ என்று இருந்தது, இப்போது ‘விரித்தல்’. அடுத்த கூட்டம் வரும் மாதம். ஆறாவது நிமிடத்தில் மீண்டும் அதே கேள்வி வந்தால், கழுத்துப் பட்டையின் படத்தைத் திரையில் காட்டிவிட்டு, இதை முதலில் படித்தவர்கள் யார் என்று நான் திருப்பிக் கேட்பேன்.